கிகுயே பட்டியலில் இல்லை

மொரிவாகி கிகுயேவுக்கு ஐம்பத்து நான்கு வயது. கொஜிமாவில் ஜீன்ஸ் தைக்கும் தொழிற்சாலையில் பார்ட்டாக் மெஷினில் வேலை. பாக்கெட்டின் மூலை பிரிந்துவிடாமல் நூலை நெருக்கமாக அடித்து இறுக்கும் மெஷின் அது. டக் டக் டக் என்று மூன்று அடி, அடுத்த மூலை, மறுபடி மூன்று அடி. முப்பத்தோரு வருஷமாக இதேதான். தான் தைத்த பாக்கெட் கிழிந்ததாக இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அதே முப்பத்தோரு வருஷமாக ஒகாயாமா கிரோஸ் பேஸ்பால் அணியின் ரசிகர் குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறாள். கிரோஸ் என்றால் காக்கைகள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மைதானத்தின் வலது பக்கத் திறந்த வரிசையில், கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, உதடு வீங்க ஊதுவாள். சொந்தத் தங்கை கல்யாண விருந்தில் பாதியில் காணாமல் போனவள். திரும்பி வந்தபோது கறுப்புச் சட்டையோடுதான் வந்தாள், கல்யாணப் போட்டோவில் இன்னும் அப்படியே நிற்கிறாள். கணவன் யசுனோரிக்குத் தூண்டில் போடுவதைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லை. "ஒரு பக்கம் கடல் இரையுது, ஒரு பக்கம் இவ இரையுறா. கடல் பரவால்ல, அப்பப்ப ஓயும்" என்பான்.

எங்கள் நாட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு பாட்டு உண்டு. அவன் மட்டையோடு வந்து நின்றால் அந்தப் பாட்டைத்தான் ஊத வேண்டும், பாட வேண்டும். அதை எழுதுவது அணி நிர்வாகம் இல்லை, ரசிகர் குழு. இனோகுச்சியின் பாட்டை எழுதியவள் கிகுயே. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவன் பத்தொன்பது வயதுப் பையனாக வந்து சேர்ந்தபோது, கையில் மட்டை இருக்கிறதா அல்லது இரண்டு மட்டைகள் சேர்ந்து ஒன்றைப் பிடித்திருக்கின்றனவா என்று சந்தேகம் வரும், அவ்வளவு ஒல்லி. கொஜிமாக்காரன் வேறு. மெஷினில் உட்கார்ந்தபடியே அந்த டக் டக் டக்கில் மெட்டுப் போட்டாள். நடுவில் நூல் அறுந்து மெஷின் ஒரு கணம் நின்றது. அந்த நிறுத்தத்தையும் பாட்டில் அப்படியே வைத்துவிட்டாள். அந்த இடத்தில் கூட்டம் 'இனோகுச்சி' என்று கத்த வேண்டும். பதினான்கு வருஷமாக இருபதாயிரம் பேர் அவள் நூல் அறுந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக் கத்தினார்கள்.

போன நவம்பரில் எங்கள் அணிக்கு ஏழரை பிடித்தது. ஒரே வாரத்தில் மூன்று பேர் போனார்கள். பந்து எறியும் ஹாமுரோ அமெரிக்காவுக்குப் போனான். அதை மன்னித்தோம், விமான நிலையத்துக்கே போய் அழுதுவிட்டு வந்தோம். பிடிப்பாளன் சுஜிமோட்டோ தோக்கியோவுக்குப் போனான். தோக்கியோக்காரர்கள் இருக்கிறவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போவது வருஷா வருஷம் நடப்பது, வழக்கமான அளவுக்குத் திட்டினோம். மூன்றாவதாக இனோகுச்சி, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தகமாட்சு ஆக்டோபஸ் அணிக்குப் போனான். கொஜிமாவில் ரயில் ஏறினால் அரை மணி நேரம். அதைத்தான் யாராலும் செரிக்க முடியவில்லை.

அதிலும் அவன் வீடு மாறவில்லை. எதிரி அணியில் சேர்ந்துவிட்டு எங்கள் ஊர்க் கடையிலேயே தக்காளி வாங்கிக்கொண்டிருந்தான். முடிதிருத்தும் கடைக்காரர் அவன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். முதுகில் அவன் பெயர் எழுதிய சட்டை வைத்திருந்தவர்கள் பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டினார்கள். பெரிய முரசு அடிக்கும் தபால்காரர் செராவின் பாடுதான் மோசம். அவர் தன் நாய்க்கு இனோகுச்சி என்று பெயர் வைத்திருந்தார். பெயரை மாற்றிப் பார்த்தார், நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் 'ஏய் துரோகி' என்று கூப்பிடப் பழக்கினார். அதற்கு அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது, வந்ததும் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

குழுத் தலைவர் தன்பாவுக்கு எழுபத்தோரு வயது. வீட்டில் செத்தவர்களுக்கு வைத்துக் கும்பிடும் பூசை மாடங்கள் விற்கும் கடைக்காரர். ஒரு ஆட்டக்காரன் அணியை விட்டுப் போனால் அவன் பாட்டை அடக்கம் செய்வது எங்கள் வழக்கம். பாட்டெழுதிய தாளை மடித்து, கடையின் விற்காத பெரிய மாடத்துக்குள் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, மணியடித்துக் கடைசியாக ஒருமுறை ஊதுவோம். அந்த டிசம்பரில் மூன்று பாட்டுக்கும் சேர்த்து நடந்தது. அப்பாவுக்கு மாடம் வாங்க வந்த ஒரு மனிதர் விவரம் தெரியாமல் பின்னால் நின்று ஹாமுரோவின் பாட்டுக்குக் கைகூப்பினார். இனோகுச்சியின் முறை வந்தபோது நூல் அறுந்த இடத்தில் யாரும் கத்தவில்லை. கிகுயே அந்த அமைதியைத் தாண்டி ஊத முடியாமல் ட்ரம்பெட்டைக் கீழே இறக்கிவிட்டாள்.

ஜனவரியில் தகமாட்சு ரசிகர் குழுவின் தலைவர் மினகாவா வந்தார். அங்கே ஊதோன் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர். இரண்டு பெட்டி ஊதோனைப் பட்டுத்துணியில் கட்டிக்கொண்டு வந்து, மாடங்களுக்கு நடுவே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இனோகுச்சி பாட்ட எங்களுக்குக் குடுக்கணும்" என்றார்.

"அடக்கம் பண்ணியாச்சு" என்றார் தன்பா.

"தெரியும். தோண்டி எடுத்துக் குடுங்கன்னுதான் கேக்க வந்தேன். நாங்களும் மூணு பாட்டு எழுதிப் பாத்துட்டோம். ஒன்னு மார்க்கெட்ல மீன் ஏலம் விடுற மாதிரி இருக்கு. இன்னொன்னு என் கடை விளம்பரம் மாதிரியே இருக்கு. மூணாவதக் கேட்டுட்டு என் வீட்டம்மா வாயத் திறக்காதீங்கன்னுட்டா."

தன்பா சட்டம் பேசுகிற மனிதர். பேஸ்பால் விதிப்புத்தகம் அவர் தலைமாட்டிலேயே இருக்கும். ஒரு அணி இன்னொரு அணியின் ஆளைக் கூட்டிக்கொண்டு போனால், பதிலுக்கு ஒரு ஆளைக் கொடுக்க வேண்டும். ஆனால் 'இவர்களைத் தொடாதே' என்று முதலிலேயே ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதில் இல்லாதவர்களில் ஒருவரைத்தான் பொறுக்கிக்கொள்ளலாம். இனோகுச்சிக்குப் பதிலாக எங்கள் அணிக்குத் தோள்வலிக்காரர் ஒருவர் கிடைத்திருந்தார்.

"அணிக்காவது ஒரு ஆள் கிடைச்சுது. எங்களுக்கு என்ன கிடைச்சுது?" என்றார் தன்பா. "பாட்டு வேணும்னா ஆள் குடுங்க. முறைப்படி பட்டியல் போட்டுக் குடுங்க."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். மினகாவா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒரு காகிதத்துக்கு ஒரு மனுஷன்னா எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்றார். "ரெண்டு பக்கமும் பட்டியல் போடுவோம். நீங்க ஒருத்தர எடுங்க, நாங்க ஒருத்தர எடுக்கறோம். ஒரு வருஷத்துக்கு. அப்பறம் பாட்டப் பத்திப் பேசுவோம்."

"எத்தன பேரப் பாதுகாக்கலாம்?"

"பத்து."

"பன்னெண்டு."

"சரி, பன்னெண்டு."

இருவரும் தரையில் நெற்றி படக் குனிந்து வணங்கினார்கள். மூலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கிகுயேவைப் பாட்டெழுதியவள் என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழு எழுதும் பாட்டு குழுவின் சொத்து என்று எங்கள் விதியில் இருக்கிறது. அந்த விதியை எழுதியவரும் தன்பாதான்.

எங்கள் குழுவில் இருபத்திரண்டு பேர். தன்பா இரண்டு வாரம் யாரையும் பார்க்காமல் பட்டியல் எழுதினார். அந்த இரண்டு வாரமும் குழுவில் எல்லோரும் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். செரா தினமும் தலைவர் கடைக்குத் தபாலைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார், தபால் இல்லாத நாளிலும் போனார். கிகுயே மட்டும் ஒன்றும் செய்யவில்லை. தான் இல்லாத பட்டியல் என்று ஒன்று இருக்க முடியும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

பட்டியல்கள் கொஜிமா நிலையத்துக் காப்பிக் கடையில் கைமாறின. தன்பா தடித்த தாளில் தூரிகையால் எழுதி, முத்திரை குத்திக் கொண்டு வந்திருந்தார். மினகாவா சோயா சாஸ் கறை பட்ட ரசீதின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். தன்பா அரை மணி நேரம் யோசித்து, தகமாட்சுவின் கொடி பிடிக்கும் ஆறடி ஆளான ஓபாயாஷியை எடுத்தார். மினகாவா யோசிக்கவே இல்லை.

"ட்ரம்பெட் அக்கா" என்றார். "மொரிவாகி கிகுயே."

தன்பா காப்பியைக் கீழே வைத்தார். "அவங்க எங்க கூட்டத்துல முப்பத்தோரு வருஷம் இருக்காங்க."

"பட்டியல்ல இல்லியே."

"அது வந்து, யாரும் எடுக்க மாட்டாங்கன்னு..."

"அவங்க வந்தா பாட்டு தானா கூடவே வரும். அப்பறம் உங்ககிட்ட எதுக்குத் தனியாக் கேக்கணும்?" என்று சொல்லி மினகாவா ரசீதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பெரிய அணிகள் காலம்காலமாகச் செய்கிற தப்பு அது. வயதான, ஊரே கொண்டாடுகிற ஆளைப் பட்டியலுக்கு வெளியே விடுவார்கள். எதிரிக்கு எடுக்கத் துணிச்சல் வராது, அந்த இடத்தில் ஒரு சின்னப் பையனைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு. தன்பாவே எத்தனையோ தடவை தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, இந்தக் கணக்கைப் போடுகிறவன் முட்டாள் என்று திட்டியிருக்கிறார். கையில் தூரிகை வந்ததும் அவரும் அதையே போட்டார். கிகுயேவின் இடத்தில் அவர் காப்பாற்றியது, போன ஜூனில் சேர்ந்து இன்னும் தாளம் தப்பும் ஒரு பல் மருத்துவக் கல்லூரி மாணவியை.

அவர் தொழிற்சாலை வாசலுக்கே வந்து சொன்னார். கையில் தினை உருண்டைப் பெட்டி இருந்தது. கிகுயே கழுத்தில் நூல்துணுக்குகளோடு நின்று கேட்டாள்.

"நீ வர மாட்டேன்னு சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது" என்றார் தன்பா. "நான் மினகாவாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"எதுக்கு என் பேர் இல்ல, தலைவரே?"

"நீ இல்லாத காக்காக் கூட்டத்த என்னால நினைச்சே பாக்க முடியல, கிகுயே. அதான் எழுதணும்னே தோணல."

"நினைச்சுப் பாக்க முடியலன்னா முதல் பேரா எழுதியிருக்கணும்." அவள் குரல் உயரவில்லை. "யாரு எடுக்கப் போறான்னு நினைச்சீங்க. அதான."

தன்பா உருண்டைப் பெட்டியை நீட்டினார்.

"எடுத்துட்டாங்க. போறேன்" என்றாள்.

உருண்டைப் பெட்டியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து அன்று மாலைவரை தைத்த பாக்கெட்டுகளில் மூலைக்கு மூன்று அடிக்குப் பதில் நான்கு விழுந்திருந்தது. மேற்பார்வையாளர் அத்தனையையும் பிரிக்கச் சொன்னார்.

வீட்டில் யசுனோரி மீன் சுத்தம் செய்தபடியே எல்லாவற்றையும் கேட்டான்.

"அழணும்னா அழுதுக்க. நான் அந்தப் பக்கம் பாக்கறேன்" என்றான்.

"நான் எதுக்கு அழணும்?"

"என்னைய யாராவது பட்டியல்ல சேக்காம விட்டிருந்தா நான் அழுதிருப்பேன்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். அவன் சொன்னபடி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, சுத்தம் செய்த மீனையே மறுபடியும் சுத்தம் செய்தான்.

மார்ச்சில் ஞாயிறுதோறும் தகமாட்சுவில் ஒத்திகை. முதல் ஞாயிறு அவள் கொஜிமாவில் ஏறி உட்கார்ந்தபோது எதிர் இருக்கையில், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு இனோகுச்சி இருந்தான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

"நீங்க ட்ரம்பெட் அக்காதான?" என்றான்.

"நீ துரோகிதான?"

"ஆமா" என்று ஒப்புக்கொண்டான். "நீங்களும் மாறிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"நான் மாறல. என்னைய எடுத்துட்டாங்க. நீயாத்தான போன."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரயில் பாலத்தில் ஏறியிருந்தது, கீழே படகுகள் சின்னதாகத் தெரிந்தன.

"அங்கேருந்து கூப்பிடறாங்கன்னு நம்ம அணி ஆபீஸ்ல போய்ச் சொன்னேன், அக்கா. போகாதப்பான்னு ஒரு வார்த்த சொல்வாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். ஆபீஸ் பெரியவர் சிரிச்சாரு. நீ எங்கப்பா போயிடப் போற, கொஜிமாவ விட்டா உனக்குத் தக்காளி கூட எறங்காதேன்னாரு. அவ்வளவுதான். அடுத்த விஷயம் பேச ஆரம்பிச்சுட்டாரு."

 கிகுயே பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியை அவனிடம் நீட்டினாள்.

"நீ தக்காளி வாங்குறத ஊரே பேசுது" என்றாள்.

"நல்ல தக்காளி அக்கா. அதுக்கு நான் என்ன பண்றது."

ஏப்ரல் முதல் வாரம் ஒகாயாமாவில் ஆட்டம். எதிரணி ரசிகர்களுக்கு இடது பக்க வரிசை. முப்பத்தோரு வருஷத்தில் முதல் முறையாகக் கிகுயே மைதானத்தை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். மாலை வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. எதிரிகளுக்கு இத்தனை வருஷம் இப்படித்தான் கண் கூசியதா என்று யோசித்தபோது அவளையறியாமல் பழைய சந்தோஷம் ஒன்று எட்டிப் பார்த்தது. தலையில் எட்டுக் கால் தொங்கும் சிவப்புத் தொப்பி. ஊதக் குனியும்போதெல்லாம் ஒரு கால் ட்ரம்பெட்டின் வாய்க்குள் விழுந்தது. கடைசியில் மினகாவா கத்தரிக்கோல் வாங்கி வந்து அந்தக் காலை மட்டும் வெட்டிவிட்டார். அந்தக் கூட்டத்தில் ஏழுகால் ஆக்டோபஸ் அவள் ஒருத்திதான்.

எதிரே வலது பக்கத்தில் ஓபாயாஷியைக் காணவில்லை. காற்று பலமாக அடித்தால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அந்த மனிதர் எங்களுக்குக் கொடி பிடிக்க வந்தது அந்த வசந்தத்தில் மொத்தம் இரண்டே தடவை. அன்று மதியம் அடித்த காற்றில் அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். மினகாவா கூட்டம் விடியற்காலையே வந்துவிட்டிருந்தது.

இரண்டாவது சுற்றில் இனோகுச்சி மட்டையோடு வந்தான். வலது பக்கத்திலிருந்து 'துரோகி, துரோகி' என்று ஆரம்பித்தார்கள். கிகுயே உதட்டை நனைத்துக்கொண்டு ஊதினாள். டக் டக் டக், டக் டக் டக். ஊத ஊத அவளுக்குத் தெரிந்தது, எதிரே கத்தல் தேய்ந்துகொண்டு வந்தது. திட்டும் வாயும் பதினான்கு வருஷம் பாடிய வாயும் ஒரே வாய்தானே. யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்பது இன்றுவரை குழுவில் தீராத சண்டை. கறுப்புச் சட்டைகள் வரிசை வரிசையாகப் பாட ஆரம்பித்தன.

நூல் அறுந்த இடம் வந்தது. சிவப்புச் சட்டைகள் அவசரப்பட்டு முன்னாலேயே கத்திவிட்டார்கள். அவர்கள் கத்தி முடித்த அந்த அமைதியில், சரியான கணத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்து பத்தாயிரம் தொண்டை 'இனோகுச்சி' என்றது.  கிகுயேவின் ட்ரம்பெட்டில் ஒரு ஸ்வரம் பிசிறியது. செராவின் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் படுத்திருந்த நாய் துள்ளி எழுந்து ஊளையிட்டதாகப் பிற்பாடு அவர் மனைவி சொன்னாள்.

மூன்றாவது பந்தை இனோகுச்சி வலது பக்க வரிசைக்கே தூக்கி அடித்தான். கறுப்புச் சட்டைகள் எழுந்து குதித்தார்கள். குதித்த பிறகுதான் அது தங்களுக்கு எதிராக விழுந்த அடி என்று நினைவு வந்து, ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். அன்று அந்த ஒரே அடியில் தோற்றோம்.

ஐந்தாவது சுற்று முடிந்து மைதானத்தைச் சமன் செய்துகொண்டிருந்தபோது தன்பா இடது பக்க வரிசைக்கு வந்தார். முழு மைதானத்தையும் சுற்றி நடந்து, கறுப்புச் சட்டையோடு சிவப்புக் கூட்டத்துக்குள் படியேறி வந்து, மூச்சு வாங்க அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மினகாவா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"அடுத்த வருஷப் பட்டியல்" என்று தன்பா ஒரு தடித்த தாளை நீட்டினார். "இப்பவே எழுதிட்டேன்."

கிகுயே பிரித்தாள். தூரிகை எழுத்து, முத்திரை எல்லாம் முறையாக இருந்தது. முதல் பெயர் மொரிவாகி கிகுயே. மற்றப் பெயர்களைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதியிருந்தார், அதனால் கீழே இடம் போதாமல் கடைசிப் பெயர்கள் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவள் மேலிருந்து கீழ்வரை எண்ணினாள். பிறகு மறுபடி எண்ணினாள்.

"உங்க பேரக் காணோமே, தலைவரே."

"என்னைய யாரு எடுக்கப் போறா" என்றார் தன்பா.

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.  கிகுயே அவரையே பார்த்தாள். நரைத்த தலை, வியர்வையில் ஒட்டிய கறுப்புச் சட்டை. அவருக்கு அந்தப் பக்கம் மினகாவா ரொம்ப ஆர்வமாகக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பேனா இருக்கா?" என்று அவள் மினகாவாவிடமே கேட்டாள்.

அவர் ஊதோன் கடையில் கணக்கெழுதும் பேனாவைக் கொடுத்தார். கிகுயே தாளைத் தொடைமேல் வைத்து, தன் பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியில் அவர் பெயரை எழுதினாள். பதின்மூன்று பேர் ஆகிவிட்டது. பல் மருத்துவக் கல்லூரிப் பெண்ணின் பெயரை ஒரு கணம் பார்த்தாள், அதை அடிக்கவில்லை. தாளை மடித்து அவர் சட்டைப் பாக்கெட்டில் வைத்து, மூலையை விரலால் அழுத்திவிட்டாள்.

"இந்த வருஷம் முடியட்டும், தலைவரே" என்றாள். "இப்பப் போய் உங்க எடத்துல உக்காருங்க. அடுத்து எங்க ஆள் அடிக்க வரான், நான் ஊதணும்."